மூன்று ஜெயித்தால் கல்யாணம்

"எல்லாரும் ஏறிக்குங்க. உங்க டிரைவருக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு," என்று மெர்வின் டிராமின் ஒலிபெருக்கியில் சொன்னதும் வண்டி முழுக்கக் கைதட்டல் எழுந்தது. குவீன் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை டிராமில் அவ்வளவு சத்தம் கேட்பது அபூர்வம்.

"எப்பய்யா கேட்ட?" என்றார் ஒருவர்.

"நேத்துதான். பேஸ்பால்ல டொராண்டோ மூணாவது வெற்றியை எடுத்த கையோட. தொடர் முடிஞ்சுது, என் பிரம்மச்சரியமும் முடிஞ்சுது."

கைதட்டல் திடீரென்று சுருங்கியது. முன் இருக்கையில் ரொட்டிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி தொண்டையைச் செருமினாள்.

"ஜெயிச்சது சரிதான் தம்பி. இன்னும் ஒண்ணு ஜெயிக்கணுமே?"

"மூணு போதும்மா. அஞ்சு ஆட்டத்துல மூணு. அறுபத்தொன்பதுல இந்தத் தொடர் ஆரம்பிச்சதுலேர்ந்து அதுதான் கணக்கு."

"அது போன வருஷத்தோட போச்சு. இந்த எண்பத்தஞ்சுலேர்ந்து ஏழு ஆட்டம். நாலு ஜெயிச்சாத்தான் பட்டம். நீ பேப்பரே படிக்கிறதில்லையா?"

டிராம் நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றது.

மெர்வின் பேப்பர் படிப்பதில்லை என்பது உண்மைதான். எட்டு வருஷத்துக்கு முன், டொராண்டோ அணி பிறந்த வருஷம் அவன் மைதானத்துக்குப் போய்ப் பார்த்த ஆட்டங்கள் எல்லாவற்றிலும் அணி தோற்றது. போகாத ஆட்டங்களில் சிலவற்றை ஜெயித்தது. தன் கண் பட்டால் அணி தேறாது என்று அன்றைக்கு முடிவு கட்டியவன், அதற்குப் பிறகு டிவி பார்ப்பதில்லை, ரேடியோ கேட்பதில்லை, விளையாட்டுப் பக்கத்தைத் தொடுவதில்லை. 'ஓட்டுநரிடம் பேஸ்பால் பேச வேண்டாம்' என்று ஒரு அட்டை எழுதித் தன் தலைக்கு மேல் மாட்டியிருந்தான். முடிவை மட்டும் நோரீன் போன் பண்ணிச் சொல்வாள். அவளுடையது ராசியான வாய் என்பது அவன் நம்பிக்கை.

நோரீன் அதே தெருவில் வறுத்த மீன் கடை வைத்திருந்தாள். கடைக்கு மேலேயே வீடு. இருவரும் பழக ஆரம்பித்ததும் அணி பிறந்த வருஷம்தான். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் மெர்வின் ஒரே பதிலைச் சொல்வான்: "டொராண்டோ பட்டம் ஜெயிக்கட்டும் நோரீன். அடுத்த நிமிஷம் மோதிரத்தோட உன் முன்னாடி நிப்பேன்." அந்த அணியோ வருஷக்கணக்கில் அடிமட்டத்தில் கிடந்தது. மோதிரம் சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தது.

நேற்று எதிரணியின் ஊரான கேன்சஸ் நகரத்தில் நடந்த நாலாவது ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸ் வரை பின்தங்கியிருந்த டொராண்டோ ஒரே மூச்சில் மூன்று ஓட்டம் எடுத்து ஜெயித்தது. நோரீன் போனில், "மூணாவது வெற்றி, மெர்வின்," என்றாள். அவன் சர்க்கரையைக்கூடத் துடைக்காமல் மோதிரத்தோடு ஓடினான். அவன் முழங்கால் தரையைத் தொடுவதற்குள் அவள், "சரி," என்றாள்.

இப்போது பார்த்தால் பட்டம் இன்னும் வரவில்லை. அதற்குள் பரிசை எடுத்துக்கொண்டாயிற்று.

"இது தரித்திரம் பிடிச்ச வேலையாச்சே," என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தான்.

அன்றைக்கு ஐந்தாவது ஆட்டம். முடிவைத் தெரிந்துகொள்ள அவனுக்குப் போன் தேவைப்படவில்லை. எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் கட்டியிருந்த அணியின் நீலக் கொடியை அவிழ்த்து, சுருட்டி, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். டொராண்டோ ஒரு ஓட்டம்கூட எடுக்கவில்லை.

நோரீன் போன் பண்ணினாள். வான்கோழி வாங்கியாகிவிட்டது என்றாள், மறுநாள் விருந்துக்கு அம்மா வருகிறாள் என்றாள். ஆட்டத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. பாவம், தொடர் முடிந்துவிட்டது என்று அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள் என நினைத்து மெர்வினுக்கு நெஞ்சு உறுத்தியது. மூன்று ஜெயித்தால் போதும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தானே.

உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. மோதிரத்தை மட்டும் எப்படியாவது கழற்றிவிட்டால் அணி பிழைத்துவிடும் என்று தோன்றியது. கடைக்குப் போனான்.

"மோதிரம் கொஞ்சம் லூஸா இருக்கே நோரீன். குடு, சரிபண்ணிக் கொண்டாரேன்."

"சரியாத்தானே இருக்கு?"

"மீன் மாவுல விழுந்துட்டா? யாராவது முழுங்கிட்டா?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை, கனடாவில் விடுமுறை நாளான நன்றித் திருநாளின் விருந்து. நோரீனின் அம்மா ஆக்னஸ், மாமா ஓர்வில், இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் நோரீனின் விரலைத்தான் பார்த்தார்கள். விரல் வெறுமையாக இருந்தது.

"மோதிரம் எங்கே?" என்றாள் ஆக்னஸ்.

"லூஸா இருந்துது. நகைக்கடையில குடுத்திருக்கேன்," என்றான் மெர்வின்.

ஓர்வில் மாமா கரண்டியைக் கீழே வைத்தார். அவர் நாற்பது வருஷமாக நகைக்கடை வைத்திருப்பவர் என்பது மெர்வினுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஊர்ல எல்லாக் கடையும் இன்னிக்கு மூடியிருக்கு. நேத்து ஞாயித்துக்கிழமை. எந்தக் கடையப்பா அது?"

"கடையில குடுக்கலை. குடுக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன்."

"அப்போ எங்க இருக்கு?"

"தொலைஞ்சு போச்சு," என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

ஆக்னஸ் அழ ஆரம்பித்தாள். மொத்தக் குடும்பமும் மேஜைக்கு அடியில் இறங்கியது. ஒருவர் வான்கோழியின் வயிற்றுக்குள் கைவிட்டுத் துழாவினார். "அது எப்படிய்யா அங்க போகும்?" என்று கேட்டதற்கு, "எதையும் விடக் கூடாது," என்றார் அவர். தேடாமல் நின்றால் சந்தேகம் வருமே என்று மெர்வினும் குனிந்தான். சட்டைப் பையிலிருந்து மோதிரம் துள்ளி விழுந்து, உருண்டு, ஓர்வில் மாமாவின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது.

"கிடைச்சாச்சு," என்றான் மெர்வின் ஈனசுரத்தில்.

"லூஸுன்னா குடு இப்படி," என்றார் மாமா. அவர் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்னக் குறடு இருக்கும். இரண்டு நெளி நெளித்து, நோரீனின் விரலில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். "இனிமே எவனாலும் கழட்ட முடியாது."

எல்லோரும் மறுபடியும் உட்கார்ந்தார்கள். யாரோ டிவியைப் போட, பேஸ்பால் மட்டையோடு ஒருவன் தெரிந்தான். ஆக்னஸ் தன் வயதுக்கு ஒவ்வாத வேகத்தில் பாய்ந்து அதை அணைத்தாள். தன் கண் படக்கூடாது என்பதற்காக இந்தக் குடும்பம் எவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்கிறது என்று நெகிழ்ந்துபோய் மெர்வின் அவள் தட்டில் ஒரு துண்டு வான்கோழி வைத்தான்.

ஏழு ஆட்டத்தில் முதல் இரண்டு டொராண்டோவில், நடு மூன்று கேன்சஸில், கடைசி இரண்டு மறுபடியும் டொராண்டோவில். ஆக, செவ்வாய்க்கிழமை ஆறாவது ஆட்டம் சொந்த மண்ணில். சொந்த மண்ணிலேயே தோற்றார்கள். மூன்றுக்கு மூன்று.

மெர்வினால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நேராகக் கடைக்குப் போய், மீன் பொரித்துக்கொண்டிருந்த நோரீனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"ஏழு ஆட்டமா?" என்றாள் நோரீன்.

"ஏழு. எனக்கே ஞாயித்துக்கிழமைதான் தெரியும். உன்னை ஏமாத்தணும்னு செய்யலை."

"அடக் கொடுமையே," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளறைக்குப் போய்விட்டாள். கதவிடுக்கில் அவள் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. ஒரு பெண்ணை இப்படி அழவைத்துவிட்டோமே என்று மெர்வின் உப்புச் சாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "சரி, இப்ப என்ன பண்ணணுங்கற?"

"ஒரே ஒரு நாள் மோதிரத்தைக் கழட்டி வெச்சுடுவோம். நாளைக்கு ஜெயிச்ச உடனே திரும்பப் போட்டுடறேன்."

"தோத்துட்டா?"

மெர்வின் தலையைச் சொறிந்தான். "அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் ஒன்பது ஆட்டம் ஆக்கிட்டா?"

மெர்வின் அவள் விரலைப் பிடித்து மோதிரத்தை இழுத்தான். அது வரவில்லை. சோப்பு போட்டார்கள், வெண்ணெய் தடவினார்கள். கடைசியில் பொரிக்கிற எண்ணெயை ஆறவைத்து ஊற்றினபிறகு மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்தது. நோரீன் அதை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மூடினாள்.

"எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ மெர்வின். இத்தனை வருஷமா அவங்க ஜெயிக்கணும்னு நான் வேண்டிக்கிட்ட மாதிரி அந்த டீமோட முதலாளிகூட வேண்டியிருக்க மாட்டான்."

அவள் சிரிக்காமல் சொன்னாள். அது அவனுக்கு வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.

புதன்கிழமை ஏழாவது ஆட்டம். மெர்வினுக்கு ஏரிக்கரை மைதானத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற வேலை. போகும்போது டிராம் குலுங்கக் குலுங்கப் பாடினார்கள். அவன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, சட்டைப் பையில் மோதிரத்தைத் தடவிக்கொண்டே ஓட்டினான். ஆட்டம் நடக்கும்போது மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

முடிந்ததும் கூட்டம் வந்து ஏறியது. யாரும் பாடவில்லை. ஒருவர் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பஞ்சை எடுக்காமலேயே மெர்வினுக்கு விளங்கிவிட்டது. இனி எதற்கு என்று அதைப் பிடுங்கிப் போட்டான்.

வண்டி குவீன் தெருவில் ஊர்ந்தது. கண்ணாடியில் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. மோதிரம் அவன் பையில்தான் இருந்தது. ஆட்டத்தை அவன் பார்க்கவில்லை, கேட்கவில்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தோற்றுத்தான் போயிருக்கிறார்கள். அவன் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் களத்தில் ஆடும் அந்த ஒன்பது பேருக்கும் அதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதைக் கண்டுபிடிப்பதற்கு ஒருத்தியின் இளமை முழுவதும் மீன் வாசத்தில் கழிந்திருக்கிறது.

மீன் கடைக்கு நேரே டிராம் நின்றது.

"இங்க ஸ்டாப் கிடையாதே," என்றது ஒரு சோகக் குரல்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க. ஒரு பொண்ணைக் கல்யாணத்துக்குக் கேட்டுட்டு வந்துடறேன்," என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு மெர்வின் இறங்கினான்.

நோரீன் கடை வாசலில் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். டிராமில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலோரம் குவிந்தார்கள்.

"தோத்துட்டாங்க நோரீன்."

"தெரியும்."

"ஆறுக்கு ரெண்டாம். பின்னால பேசிக்கிட்டாங்க."

"அதைச் சொல்லவா வண்டியை நிறுத்தின?"

மெர்வின் ஈரமான நடைபாதையில் முழங்காலிட்டான். "என்னைக் கட்டிக்கிறியா?"

"டீம் ஜெயிக்கலையே?"

"டீம் எக்கேடு கெட்டா எனக்கென்ன? இனிமே ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காட்டியும் எனக்கு நீ வேணும்."

இந்த முறை நோரீன் உடனே பதில் சொல்லவில்லை. இப்போது அவள் நிஜமாகவே அழுதாள். பிறகு கையை நீட்டினாள். இன்னும் எண்ணெய்ப் பசை இருந்ததால் மோதிரம் சுலபமாக ஏறியது.

டிராமுக்குள் இருந்தவர்கள் கொடியை ஆட்டினார்கள், காலால் தரையைத் தட்டினார்கள். அன்றைக்கு அந்த ஊருக்குக் கிடைத்த ஒரே கொண்டாட்டம் அதுதான். பின் படியிலிருந்து நீலத் தொப்பியும் கலங்கிய கண்ணுமாக ஓர்வில் மாமா இறங்கி வந்தார். மைதானத்திலிருந்து அதே வண்டியில்தான் வந்திருக்கிறார். இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"மாமா, நான் ஒரு மடையன்," என்றான் மெர்வின். "மூணு ஜெயிச்சாலே போதும்னு நம்பி இவளையும் நம்ப வெச்சு, பாவம், இந்தப் பாடு படுத்திட்டேன்."

ஓர்வில் மாமா அவனை விலக்கிப் பிடித்து முகத்தைப் பார்த்தார்.

"இவளையா? ஏழு ஆட்டம்னு பேப்பர்ல வந்த அன்னிக்கே, 'மெர்வின் காதுல யாரும் போட்டுடாதீங்க, நாலு ஜெயிக்கிற வரைக்கும் என்னால காத்துக்கிட்டிருக்க முடியாது'ன்னு தெருவுல வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தவளே இவதானேப்பா."