ருசி பார்த்தால் கணக்கில் வராது

குடிகாரரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவரைப் பற்றித் தெருவே பேசிக்கொள்ளும். இங்கே அறிமுகப்படுத்தப் போவது அவரைவிடச் சிக்கலான ஒரு பிறவியை: அளவோடு குடிப்பவர். எங்கள் செர்பியாவில் இந்த இனத்துக்குப் பஞ்சமே கிடையாது. "எனக்கு எல்லாமே அளவுதாங்க" என்று தானாகவே சொல்லுவார். யாராவது கேட்டார்களா?

எங்கள் தெரு மிலாடினை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஒரு நாள் கலோரி என்ற வார்த்தையை அவர் காதில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ரொட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், காபியில் சர்க்கரை கிடையாது, அடுத்தவர் தட்டிலிருக்கும் பன்றி வறுவலுக்கும் கலோரிக் கணக்குச் சொல்லி அவர் வாய்க்குப் போகிற துண்டைக் கசக்க வைக்கிறார். இப்படி மிச்சம் பிடித்ததை எல்லாம் சாயங்காலம் ஒயினாக்கிக் குடித்துவிடுகிறார். அதிலும் சோடா கலப்பார். பாதி சோடா என்றால் பாதிக் குடிதானே? ஆகவே இரண்டு குடித்தால் ஒன்று. நாலு குடித்தால்? அதற்குள் கணக்கு மறந்துவிடும்.

காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் ரக்கியா இதில் சேராது. பிளம் பழச் சாராயம் மருந்து. ரத்தம் ஓட வேண்டாமா? அதுவும் வீட்டில் காய்ச்சியது. கடைச் சரக்குதான் ஈரலைக் கெடுக்கும், நம் மரத்துப் பழத்துக்கு நம் ஈரலைத் தெரியும் என்பது அவர் கட்சி. விருந்தாளியோடு குடிப்பது மரியாதை, இறந்தவர் நினைவாகக் குடிப்பது பக்தி. மரியாதையிலும் பக்தியிலும் போய் யாராவது கலோரி பார்ப்பார்களா?

இவருக்கு உயிர் பேத்தி துன்யா. அவளைத் தன் காரில் பக்கத்து நகரத்துச் சர்க்கஸுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மகள் ருஷிட்சா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் அளவு அவளுக்குத் தெரியும். கடைசியில் ஒரு சனிக்கிழமைக்கு ஒப்புக்கொண்டாள். அன்று ஒரு சொட்டு கூடாது. குடித்தால், இனிப் பிள்ளையை அவர் காரில் ஏற்றவே மாட்டாள். மிலாடின் சத்தியம் செய்தார். அன்று காலை மருந்தைக்கூட விட்டார் என்றால் பாருங்கள்.

ஆனால் அதே சனிக்கிழமை பக்கத்து வீட்டு வுகோமான் கொல்லையில் ரக்கியா காய்ச்சினார். அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டால் தெருவே அங்கே கூடும். சொட்டுகிற சாராயத்தை வாயில் விட்டு, இது காட்டம், இது நீர்த்துவிட்டது, இதோடு நிறுத்து என்று யாராவது சொல்லியாக வேண்டும். அது வேலை. எங்கள் ஊரில் யாரும் அதைக் குடி என்று சொல்வதில்லை, நான் உட்பட. "மிலாடின் அண்ணே, உங்க நாக்கு இல்லாம ஆகாது" என்று வுகோமான் வேலி வழியே கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகு போகாமலிருக்க முடியுமா? துப்பினாரா என்று கேட்காதீர்கள். நல்ல சரக்கைத் துப்பிய மனிதரை நான் பார்த்ததில்லை. தீர்ப்புச் சொல்ல ஒரு வாய் போதவில்லை. பின்னால் வந்ததை முன்னால் வந்ததோடு ஒப்பிட வேண்டியிருந்தது. பாவம், உழைத்தார்.

மதியம் சட்டை மாற்றி, தலை வாரி, யோக்கியமான முகத்தோடு காரில் ஏறினார். பின்சீட்டில் புது உடுப்போடு துன்யா உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா, குடிச்சீங்களா?"

"சேச்சே. ருசி பார்த்தேன் கண்ணு. அது கணக்குல வராது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம், மனதார நம்பினார். குழந்தை சற்று யோசித்தது. பிறகு கதவைத் திறந்து இறங்கி, வாசலில் நின்ற அம்மாவிடம் போய், "எனக்கு சர்க்கஸ் வேணாம்மா" என்றது. ருஷிட்சா அப்பாவிடம் வந்தாள். கையை நீட்டினாள்; அவர் சாவியைக் கொடுத்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மிலாடின் என்னிடம் வந்து, "நேத்து நான் அளவு மீறினேனா?" என்று நியாயம் கேட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் ஊரில் அண்டா இல்லாமல் இருக்கலாம். கம்பெனிக்காக, உடம்பு வலிக்காக, ஞாயிற்றுக்கிழமைதானே என்பதற்காக என்று வேறு ஏதாவது இருக்கும். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் ஓட வேண்டாம். வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையை, வா, வண்டியில் ஒரு சுற்று போய்வரலாம் என்று கூப்பிட்டுப் பாருங்கள். அது உடனே ஓடி வருகிறதா, முதலில் தன் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.