நாற்பத்தொன்றாம் எண் சிப்பி

துறைத் தலைவரே, நாற்பத்தொன்றாம் எண் சிப்பியைத் தின்றது நீங்கள்தான். இல்லையென்று இனியும் சொல்லாதீர்கள்.

அதை வளர்த்தவன் என் விடுதி அறைத் தோழன். உப்புத்தண்ணி என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். பாபநாசத்தில் இறங்கிக் கடலில் சேரும்வரை தாமிரபரணி அவனைப் போல இன்னொரு கிறுக்கனைப் பார்த்திருக்காது.

வாரந்தோறும் சொந்த ஊரான மணப்பாட்டுக்குப் போய் நாலு கேன் கடல்நீரோடு பஸ் ஏறுவான்.

“ஏலே, ஆறு ஓடுத ஊருக்கு உப்புத்தண்ணியவா சுமக்க?” என்பார் கண்டக்டர்.

“பைய வைங்க அண்ணாச்சி. பிள்ளைகளுக்குச் சாப்பாடு இதுலதான் இருக்கு.”

பிள்ளைகள் என்றால் ஆய்வுக்கூடத்துச் சிப்பிகள். ஒவ்வொன்றின் ஓட்டிலும் எண் ஒட்டியிருப்பான். ஒரு தொட்டியில் சாதாரணக் கடல்நீர். இன்னொன்றில் கரியமில வாயு ஏற்றிப் புளிக்கவைத்த நீர். ஊர்ப் புகையைக் குடித்துக் கடல் அப்படித்தான் ஆகிறதாம். அதில் ஓடு மெலிகிறதாம். மெலியாத சிப்பி எது, அதன் மரபணுவில் என்ன இருக்கிறது என்பது அவனுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. அவன் அப்பா கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர். “ஓடெல்லாம் கையிலயே நொறுங்குதுலே” என்று அவர் சொன்னதில் தொடங்கியது இந்தக் கிறுக்கு.

கரண்டு போனால் சைக்கிள் பம்பால் தொட்டிக்குக் காற்றடிப்பான். நானும் அடித்திருக்கிறேன், அவனைத் திட்டிக்கொண்டே.

மூன்று வருஷம் போனது. புளித்த தொட்டியில் எல்லாம் மெலிய, நாற்பத்தொன்று மட்டும் கல் மாதிரி தடித்தது. மரபணுவுக்கு வேண்டிய சதைத் துணுக்குகளை எல்லாவற்றிலும் எடுத்துவிட்டான். ஓட்டின் கனத்தை அளப்பதுதான் பாக்கி. திங்கட்கிழமை அளப்பதாக இருந்தான்.

சனிக்கிழமை அவன் தண்ணீருக்குப் போயிருந்தபோது துறைக்கு விருந்தாளி வந்தார். நீங்கள் விடுதிச் சமையல்காரரைக் கூப்பிட்டு, “நம்ம தொட்டியிலேயே கொழுத்துக் கிடக்கு, எடுத்துக்கோ” என்றீர்கள்.

சாயங்காலம் காலித் தொட்டியைப் பார்த்தவன் நேரே அடுப்படிக்கு ஓடினான். பின்னால் நான்.

“அண்ணாச்சி, புளி ஊத்துனீரா?”

“புளி ஊத்தாம என்னவே குழம்பு?”

“நான் மூணு வருஷமா சொட்டுச் சொட்டாப் பண்ணத ஒரு கொதியில பண்ணிட்டீரே!”

“என்ன பேசுதான் இவன்? வெந்நீர்ல போட்டு, ஓட்டக் கழட்டி எறிஞ்ச பிறவுதாம்வே புளி.”

ஓடு புளியில் கரையவில்லை என்றதும் சமையல்காரரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். அவனும் நானும் குப்பையில் உட்கார்ந்து ஓடுகளைப் பொறுக்கி எண் வாரியாக அடுக்கினோம். எல்லாம் கிடைத்தன, நாற்பத்தொன்றைத் தவிர.

“பெருசா ஒண்ணு இருந்துச்சே?” என்றேன் சமையல்காரரிடம்.

“அத விருந்தாளி பாக்கட்டும்னு ஓட்டோட தட்டுல வைக்கச் சொன்னாரு உங்க துறைப் பெரியவரு. கடைசில விருந்தாளி தொடல. அவரே தின்னுட்டு, ஓட்டக் கழுவிக் கைக்குட்டையில சுத்திக்கிட்டாரு.”

மறுநாள் கேட்டதற்கு, அன்றைக்கு இட்லி மட்டும்தான் சாப்பிட்டேன் என்றீர்கள்.

அவனுடைய ஆய்வேட்டில் அந்த ஒரு வரி இன்றும் காலி. தொலைந்தது என்று எழுதித் தள்ளச் சொன்னேன். “அது தொலையலலே, சார் வீட்டுல பத்திரமா இருக்கு” என்கிறான். அவனுக்குக் கோபப்படத் தெரியாது. அவன் பங்கையும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது.

ஓடு எங்கே, தலைவரே? இதே பத்திரிகையில், ஊரறியப் பதில் எழுதுங்கள். எழுதும்போது காகிதம் பறக்காமல் எதை வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.