எலி இல்லாத தீவுக்கு ஒரு பார்சல்

எங்கள் ஆட்களில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் தனக்காக ஏறுவதில்லை, பார்சலுக்காக ஏறுகிறார். வேலைக்குப் போனாலும் சரி, செத்த வீட்டுக்குப் போனாலும் சரி, போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்துவிடும். அவர்களுக்குக் கொடுத்துவிட உங்கள் அம்மாவிடம் ஒரு பொதியும் இருந்துவிடும். அதைப் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை. (பிரிக்கவும் முடியாது. என் அம்மா ஒரு பொதிக்கு ஒரு முழு டேப் சுருளைச் செலவழிக்கிற ஆள்.) இந்த மரியாதை ஒரு பெண்ணின் வேலையைத் தின்றது. என் வேலையைத் தின்றிருந்தால் எனக்கு இவ்வளவு கசப்பு இருந்திராது.

அப்போது நான் கோபன்ஹேகனில் ஓர் அலுவலகத்தில் திட்ட உதவியாளர். டென்மார்க்கோடு சேர்ந்திருந்தும் கடலுக்கப்பால் எங்கேயோ கிடக்கிற கிரீன்லாந்து, பரோ தீவுகள் போன்ற இடங்களில் பறவைகளையும் புல்பூண்டுகளையும் காப்பாற்றப் பொதுப் பணத்தில் ஒரு நிதி இருந்தது. எங்கள் திட்டம் அதில்தான் ஓடியது. உண்மையைச் சொன்னால், பறவைகளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் பறவைகளைவிட அதிகம் பறந்தது நாங்கள்தான். கூட்டத்துக்குப் பறந்தோம். அந்தக் கூட்டம் எப்படி நடந்தது என்று பேச இன்னொரு கூட்டத்துக்கும் பறந்தோம். அத்தனை பணத்திலும் உருப்படியாக நடந்த ஒரே காரியம் ஹன்னா.

பரோவில் ஒரு சின்னத் தீவின் இறங்குதுறையில் ஹன்னாவுக்கு வேலை. அந்தத் தீவில் எலி கிடையாது. எலி இல்லாதபடியால்தான், மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் சின்னக் கடற்பறவைகள் அங்கே பிழைத்துக் கிடந்தன. ஒரு சினை எலி படகிலிருந்து இறங்கினால் போதும், கொஞ்ச வருடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதனால் படகில் வருகிற ஒவ்வொரு பையையும் பெட்டியையும் ஹன்னா திறந்து பார்ப்பாள். எலி மட்டுமில்லை, மண், விதை, பூச்சி எதுவானாலும் தடுப்பாள். அவளுடைய சம்பளம் அந்த வருடத்தோடு முடிகிறது. தொடர்ந்து கொடுப்பதா என்று முடிவெடுக்க நிதிக்குழு நேரில் வருகிறது. குழுவோடு நானும் என் மேலாளர் ஹென்ரிக்கும் போகவேண்டும். தீவுக்கு என்னென்ன கொண்டுவரக்கூடாது என்று பயணிகளுக்கான கையேட்டை எழுதியவளே நான்தான். அட்டையில் பறவைப் படம், உள்ளே என் உபதேசம்.

புறப்படுகிற அன்று, கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொய் என்கிற ஊரிலிருந்த எங்கள் வீட்டில் அம்மா பொதியோடு நின்றார்.

"பிள்ளை, இதையும் உன்ரை பாக்கிலை வை. வாசுகிக்கு."

வாசுகி அம்மாவின் கோயில் சிநேகிதியின் மகள். பரோவின் பெரிய டவுணில் முதியோர் இல்லத்தில் வேலை.

"அம்மா, அந்தத் தீவுக்கு ஒண்டும் கொண்டுபோகக் கூடாது. நானே சட்டம் எழுதிப்போட்டு நானே கொண்டுபோறதே?"

"தீவுக்கு ஆர் கொண்டுபோகச் சொன்னது? டவுணிலை வாசுகிட்டைக் குடுத்திட்டு நீ உன்ரை தீவுக்குப் போ."

"உள்ளுக்கை என்ன?"

"கொஞ்சம் மிளகாய்த்தூள், கொஞ்சம் அரிசி. வேறை என்ன இருக்கப்போகுது."

முப்பது வயதில், பல்கலைக்கழகப் பட்டத்தோடு, டேனிஷ் அதிகாரிகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பேசத் தெரிந்தவளுக்கு அம்மாவிடம் 'மாட்டன்' என்று ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை. வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

பரோவில் மூடுபனி. விமானம் மேலே வட்டம் போட்டுப் போட்டுப் பிந்தி இறங்கியது. தீவுக்குப் போகிற படகு எங்களுக்காகவே நிற்கிறது என்றார்கள். டவுணுமில்லை, வாசுகியுமில்லை, நேரே படகு. பார்சலின் ஞாபகம் எனக்குப் பாதிக் கடலில் வந்தது. தூளும் அரிசியும்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொண்ட அந்த முட்டாளை இன்று கண்டால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

இறங்குதுறையில் ஹன்னா மேசை போட்டு, கையுறையோடு நின்றாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரும் கமெராவோடு நின்றார். குழுவின் தலைவி நல்ல மனநிலையில் இருந்தார்.

"ஒரு பையைச் சோதித்துக் காட்டுங்களேன்" என்றார்.

நான் ஹென்ரிக்குக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஹென்ரிக் பெருமையோடு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவளுடைய பையைப் பாருங்கள். விதிகளை எழுதியவளே இவள்தான்."

ஹன்னா பையைத் திறந்தாள். சட்டை, சப்பாத்து, நான் எழுதிய கையேடு ஒரு கட்டு. பிறகு பொதி. கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினாள். டேப்புக்குள் டேப், அதற்குள் விளம்பரத்தாள், அதற்குள்ளும் டேப். எல்லோரும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் வந்தது தூள். பை கிழிந்து காற்று அதைத் தூக்கியது. குழுவிலிருந்த ஒருவர் தும்மத் தொடங்கினார். அவர் படகேறும்வரை நிறுத்தவில்லை. இரண்டாவது அரிசி. அது மேசையில் தானாக நடந்தது. (வண்டு. அம்மா அதை எப்போதும் புடைத்துத்தான் சமைப்பார்.) மூன்றாவது ஒரு தயிர் வாளி. ஹன்னா மூடியைத் திறந்தாள்.

கறிவேப்பிலைக் கன்று. எங்கள் தோட்டத் துண்டின் மண்ணோடு. அந்த மண்ணிலிருந்து, தூக்கம் கலைந்ததுபோல, ஒரு தடித்த ஓடில்லாத நத்தை மெல்ல வெளியே வந்து கொம்பை நீட்டியது. டேனிஷ்காரர் அதற்குக் கொலைகார நத்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து நாடு முழுவதும் தோட்டங்களைத் தின்கிறது. என் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் அதன் படம் இருக்கிறது.

தலைவி குனிந்து பார்த்துக் கேட்டார்: "லேவர் டென்?"

இது உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறார். இருந்தது. என்னைவிட நன்றாகவே இருந்தது.

அப்போது என் போன் அடித்தது. ஹென்ரிக் செத்த குரலில் "எடு" என்றார்.

"பிள்ளை, வாசுகிட்டைக் குடுத்திட்டியே? கண்டு வாடிப்போச்சோ?"

"அம்மா, பிறகு கதைக்கிறன்."

"ஒரு சொட்டுத் தண்ணி விடு. எவ்வளவு பாடுபட்டு வளத்தனான்."

என்ன சொல்கிறார்கள் என்று தலைவி கேட்டார். மூளை நின்றுபோனதால் நான் உண்மையைச் சொன்னேன். "தண்ணீர் விடச் சொல்கிறார்." தலைவி அதைக் குறித்துக்கொண்டார். என் மானம் கப்பலேறி எங்களுக்கு முன்னதாகவே கோபன்ஹேகனுக்குப் போய்விட்டது.

ஹன்னா மட்டும் பதறவில்லை. கன்று, நத்தை, அரிசி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டி, எரிப்பதற்கு ஒதுக்கினாள். பிறகு குழுவைப் பார்த்து, "இதற்காகத்தான் நான் இங்கே நிற்கிறேன்" என்றாள்.

அதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? சோதனை வேலை செய்தது. விதி எழுதியவளின் பையிலிருந்தே பிடித்துவிட்டாள். வேறு எந்த ஆதாரம் வேண்டும்? ஆனால் குழுவின் முடிவு வேறு மாதிரி வந்தது. திட்டத்தின் சொந்த ஊழியர்களிடமே விழிப்புணர்வு போதாது, அதனால் அடுத்த கட்டப் பணம் விழிப்புணர்வுக்குப் போகவேண்டும் என்றார்கள். விழிப்புணர்வு எங்கே நடக்கும்? கோபன்ஹேகனில், நல்ல ஹோட்டலில், மதியச் சாப்பாட்டோடு. இறங்குதுறை மேசைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஹன்னாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் சால்மன் தொழிற்சாலையில் மீன் வெட்டப் போனாள்.

விழிப்புணர்வு வகுப்பை நடத்த நேரடி அனுபவம் உள்ள ஒருவர் தேவைப்பட்டார். ஓம், நீங்கள் நினைப்பது சரி. சம்பளமும் கூட்டித் தந்தார்கள். வருடக்கணக்காக அந்த நத்தையின் படத்தைத் திரையில் போட்டுப் போட்டு வயிறு வளர்த்தேன். ஹன்னாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். 'கன்று நல்ல வாசமாக இருந்தது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

இணையத்தில் வந்த பத்திரிகைச் செய்தியின் கீழே ஒரு புண்ணியவான், வெளியிலிருந்து வந்து பரவுகிற இனம் எது என்று நானும் நத்தையும் இருக்கிற படத்திலேயே தெரிகிறது என்று எழுதியிருந்தார். நிறையப் பேருக்குப் பிடித்திருந்தது. அவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. நான் நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். நத்தை எனக்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் வீட்டில் இது அழியாப் பகிடியாகிவிட்டது. அம்மா கொதி எண்ணெயில் கறிவேப்பிலையைப் போட்டால் தம்பி எட்டிப் பார்த்து "லேவர் டென்?" என்பான். மீன் குழம்பு வைத்தால் கேட்பான். மாமா சோபாவில் நித்திரையானால் கேட்பான். அந்தக் கூத்து நடந்தபோது பிறந்தே இராத என் மகள்கூடப் பேச்சுப் பழகிய நாளிலிருந்து கேட்கிறாள். அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. "அருமையான கண்டு. எரிச்சுப்போட்டாளவை" என்பார். எங்கள் குடும்பத்தில் அந்தத் தீவுக்காக வருத்தப்பட்டவர் யாரும் இல்லை, அந்தக் கன்றுக்காக வருத்தப்பட அம்மா இருக்கிறார்.

போன மாதம் நிதியின் புது அறிக்கை வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தேன். அந்தத் தீவைப் பற்றி ஒரு வரி: எலிகள் எதுவும் காணப்படவில்லை.

அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார். "அந்தப் பிள்ளையைத்தான் நிப்பாட்டிப்போட்டினமே. இப்ப ஆர் அங்கை நிண்டு பாக்கிறது?"

"ஒருதரும் இல்லை அம்மா."

"பாக்க ஆளில்லாட்டி எப்பிடிப் பிள்ளை காணுறது?"

வருடக்கணக்கில் வகுப்பெடுத்தும் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. அறிக்கையை மூடி வைத்தேன். அட்டையில் அந்தச் சின்னக் கடற்பறவை, வளைக்குள்ளிருந்து தலையை நீட்டியபடி. மகள் வழக்கமான பகிடிச் சிரிப்போடு அதில் விரலை வைத்தாள்.

"லேவர் டென்?"

"தெரியாது" என்றேன். "சாப்பிடு."