ஈமச் சங்கத்தார் துணைக்கு வருகிறார்கள்

கட்கி, புணே
பிப்ரவரி 11

மரியாதைக்குரிய மச்சான் சுப்பையா அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் கோமதிநாயகம் எழுதிக்கொள்வது. அம்பாள் புண்ணியத்தில் நானும் தமிழரசியும் இங்கே சுகம். கோவில்பட்டியில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை, நாலு வருஷமாக நான் போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது, தபால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எதையும் கேட்டு எழுதவில்லை. நான் திடகாத்திரமாக இருக்கிறேன். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, பக்கத்தில் ஆள் வேண்டும் என்கிற நிலைமையே இல்லை. பதறிப்போய் ரயிலேறிவிடாதீர்கள். ஒன்றரை நாள் பிரயாணம் உங்கள் முழங்காலுக்கு ஆகாது. உங்கள் மருமகள் செய்துவரும் காரியத்தைத் தாய்மாமன் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காக மட்டுமே இந்தக் கடிதம்.

தமிழரசி ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் வேலை. அந்த அறக்கட்டளைக்காரர்கள் படிக்கவைத்த பிள்ளைகளைப் படிப்போடு விடுவதில்லை. ஊருக்கு ஏதாவது நல்லது செய்யுங்கள், சின்னதாக ஒரு மானியம் தருகிறோம், ஆனால் பதிவு செய்த ஒரு தொண்டு நிறுவனத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டுதான் செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். இவளும் ஒன்றை எழுதிப் போட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறவர்களுக்குத் துணைக்கு ஓர் ஆள். சீட்டு வாங்க, வரிசையில் இடம் பிடிக்க, மராத்தியில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல, டாக்டர் கூப்பிடும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க. அவ்வளவுதான். புணே கேம்ப் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனத்திடம் போனாள், மழைக்காலம் முடியட்டும் என்றார்கள். ஹடப்சரில் இன்னொன்று, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். கடைசி தேதி நெருங்கிவிட்டது. அன்று காலையில்தான் அவள் என்னிடம் வந்து நின்றாள். மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, உங்கள் தங்கை பவுன் போய்ச்சேர்ந்த பிறகு எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை 'சோறு இருக்கு', 'சாவி ஜன்னல்ல இருக்கு' என்கிற அளவோடு சரி. அப்படிப்பட்டவள், "அப்பா, உங்க சங்கம் ரிஜிஸ்டர் பண்ணதுதானே? சர்டிபிகேட் கிடைக்குமா?" என்று கேட்கிறாள்.

எங்கள் சங்கம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். கட்கி தமிழர் ஈமச்சடங்கு உதவிச் சங்கம். நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட பதிவு, ஒரு குறை கிடையாது, பதினெட்டு வருஷமாக நான் செயலாளர். தொழிற்சாலையில் வேலைக்கு வந்த நம் ஆட்கள், அயலூரில் செத்தால் தூக்க நாலு பேர் வேண்டுமே என்று ஆரம்பித்தது. "சேவை சேவைதானே தாயி, எழுதிக்கோ" என்றேன். நாலு வருஷத்தில் அவளுக்கு என்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது, மச்சான். மயானத்து ஐஸ் பெட்டியையே கூட்டுச் சேர்க்கக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

திட்டம் பாஸாகிவிட்டது. கையோடு கஷ்டமும் வந்துவிட்டது. தொண்டர்கள் என்று எங்கள் சங்கத்துக் கிழவர்கள் ஆறு பேர். அதில் முக்கியமானவர் ஸ்டீபன், தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர், சங்கத்தில் சவப்பெட்டி ஏற்பாடு அவர் பொறுப்பு. முதல் நாள் நோயாளிகளின் பெயர், வயது, என்ன தொந்தரவு என்று எழுதிக்கொண்டு வரச்சொன்னால், மனுஷன் எல்லாருக்கும் நேராக உயரத்தையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். "ஐந்தடி நாலு, ஐந்தடி ஏழு" என்று வரிசையாக இருக்கிறது. எதற்கய்யா இது என்றால், "கை பாட்டுக்கு எழுதிட்டு செகரட்டரி, முப்பது வருச பழக்கம்லா" என்கிறார். அடுத்த வாரம் லீலாம்மா என்று ஒரு பாட்டிக்குக் கண் பரிசோதனை. கால் நடக்காது, ஆட்டோவில் ஏற முடியாது, சரி நம் சங்கத்து வண்டி இருக்கிறதே என்று நான்தான் அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வண்டியில் சங்கத்தின் பெயர் தமிழிலும் மராத்தியிலும் முழ நீளத்துக்கு எழுதியிருப்பது எனக்குத் தோன்றவே இல்லை, பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற வண்டி, கண்ணுக்கு எழுத்தே தெரிவதில்லை. அந்தப் பில்டிங் வாசலில் வண்டி நின்றதும் நாலு மாடியும் இறங்கி வந்துவிட்டது. பாட்டி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கி வருவதற்குள் கீழே இரண்டு மாலை தயார், தண்ணீர்க் குழாய்க்கு அவளோடு தினம் சண்டை போடுகிற பக்கத்து வீட்டுக்காரி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். லீலாம்மா கடைசிப் படியில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அந்த மாலைய வீணாக்காத, விநாயகருக்குப் போடு. நான் டாக்டரைப் பாத்துட்டு வாரேன்" என்றாளாம். கண்ணாடி போட்டுத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக வண்டியில் இருந்ததைப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டாள். அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

இவையெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய புகார் வேறு. எங்கள் ஆட்கள் காலையிலிருந்து நோயாளி பக்கத்தில் தங்கமாக உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் வாங்கிக் கொடுப்பார்கள், மருந்துச்சீட்டைப் படித்துச் சொல்வார்கள். எல்லாம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் எழுந்து போய்விடுவார்கள். சாவு விழுந்த துஷ்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாதே, அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஆனால் வருகிற நோயாளிகளில் பாதிப்பேர் நம்மவர்கள். ஓர் அம்மாள் ஸ்டீபன் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "சொல்லிட்டுப் போங்கய்யா! எம் புருசனைப் பத்தி டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு? மறைக்காதீய!" என்று ஒரே அழுகை. அவள் புருஷனுக்கு வந்திருந்தது வெறும் சேற்றுப்புண்.

தமிழரசி எங்கள் ஆறு பேரையும் கோயில் மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து வகுப்பு எடுத்தாள். "அங்கிள், சிம்பிள். எழுந்துக்கோங்க, சிரிங்க, போய்ட்டு வரேன்னு சொல்லுங்க. பஸ், அவ்வளவுதான்." ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஸ்டீபன் மூன்றாவது தடவையில் சொல்லிவிட்டார். மற்றவர்களும் முக்கி முனகிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது எனக்கு வாய் வரவில்லை, மச்சான். எல்லாரும் சிரித்தார்கள், செகரட்டரிக்கு வெட்கம் என்றார்கள். தமிழரசி சிரிக்கவில்லை.

பவுன் போன அன்று நடந்ததை நீங்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று பவுன் முந்தின நாளே சொன்னாள். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். விடிந்ததும் எங்கள் குடியிருப்பில் நாலாவது லைனில் ஒரு சாவு, சங்கத்து ஆள் கூப்பிட வந்துவிட்டான். அவள்தான், "அங்க ஆள் வேணும், நீங்க போங்க. நான் பஸ்ஸில போய்க்கிடுதேன்" என்றாள். நானும் சாவுக்குக் கிளம்புகிற கால், சொல்லிக்கொள்ளாமலேயே படி இறங்கிவிட்டேன். எட்டு மணிக்கு வரிசையில் நின்றவள் இரண்டு மணிக்கு அங்கேயே விழுந்தாள். யாரோ ஒரு மராத்திக்காரி மடியில் தாங்கியிருக்கிறாள். நான் அப்போது வேறு யாருடைய மாமனாருக்கோ கொள்ளிச்சட்டி பிடித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் நாலாவது ஆளாக நின்றவன், என் வீட்டுக்கு ஓர் ஆளாக நிற்கவில்லை. நீங்கள் என் மேல் கோபப்பட்டது நியாயம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடித்திருப்பேன்.

போன வாரம் அறக்கட்டளையிலிருந்து தீப்தி என்று ஒரு மேடம் விசாரணைக்கு வந்தார். புகார்கள் அவர் காதுக்குப் போயிருந்தன. திட்டத்தை நிறுத்திவிடுவார்களோ என்று எனக்கு உதறல். நின்றால் மகளும் நானும் மறுபடி 'சோறு இருக்கு' என்பதற்குப் போய்விட வேண்டியதுதானே. அந்தப் பதற்றத்தில், "உங்கள் சங்கம் இதுவரை எத்தனை பேருக்கு உதவியிருக்கிறது?" என்று அவர் இந்தியில் கேட்டதும், "முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மேடம், இதுவரை ஒருத்தர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். தமிழரசி தலையில் கை வைத்துக்கொண்டாள். மேடம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து இவளுடைய விண்ணப்பத்தை எடுத்து, "இந்தச் சங்கத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் மகள் எழுதியிருக்கிறார், கேளுங்கள்" என்று இங்கிலீஷைப் பார்த்து இந்தியில் சொன்னார். அம்மா ஆறு மணி நேரம் வரிசையில் தனியாக நின்றதை எழுதியிருந்தாள். அப்பா அன்று ஒரு சாவு வீட்டில் இருந்தார் என்பதையும் எழுதியிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் நிறுத்தவில்லை. "எங்கள் பகுதியில் இறந்துபோன யாரையும் என் அப்பா தனியாக விட்டதில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கும் அதையே செய்ய அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க விரும்புகிறேன்." இதுதான் அவள் எழுதியது. ஹடப்சர்க்காரர்களும் கேம்ப்காரர்களும் இல்லையென்றதால் அவள் என்னிடம் வந்தாள் என்று நான் நினைத்திருந்தேன். மேடம் தேதியைக் காட்டினார், அவர்களிடம் போவதற்கு முன்பே, முதல் நாளிலிருந்தே விண்ணப்பத்தில் எங்கள் சங்கத்தின் பெயர்தான் இருந்திருக்கிறது, மச்சான். என்னிடம் கேட்கத் தயங்கித்தான் அங்கெல்லாம் அலைந்திருக்கிறாள். வெளியே குழாயில் முகம் கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

திட்டம் நிற்கவில்லை. வண்டியை மட்டும் அனுப்பக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் தமிழரசி சாப்பிடும்போது என் தட்டில் தானாகவே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? ஆகவே எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு வீட்டோடு இருங்கள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மரியாதை மறவாத
கோ. கோமதிநாயகம்

பி.கு: மேலே திடகாத்திரம் என்று எழுதியதை அடித்துவிடவும். ஒரு மாதமாக எனக்கும் அதே நெஞ்சடைப்பு. இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை இருதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். உறவினர் ஒருவர் உடன் வர வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. தமிழரசியை அவள் அம்மா விழுந்த அதே கவுண்டரில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு இல்லை. அதனால் அவளுக்குத் தெரியாமல், நம் திட்டத்திலேயே முரளி என்று பொய்ப்பெயர் கொடுத்துத் துணைக்கு ஆள் கேட்டுப் பதிந்தேன். உடனே என் போனுக்கே பதில் வந்தது: 'வியாழன் காலை எட்டு மணி, முரளி, வயது 64, அவருக்குத் துணை நீங்கள்.' வியாழக்கிழமை முறை என்னுடையது என்பதை மறந்துவிட்டேன். ஆக, எனக்குத் துணை நானே. முழங்காலைப் பார்க்காமல் கிளம்பி வாருங்கள், மச்சான். பவுனைத் தூக்கிய அன்றைக்கு நீங்கள் சொல்லிக்கொள்ளாமல் போனது முறை, எனக்குக் குறை இல்லை. இந்தத் தடவை போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.