கால் வைக்க ஒரு சுவர்

சாமி கோவிச்சுக்கிட்டா பொங்கல் வச்சுச் சமாளிச்சிரலாம். செத்த மனுசன் கோவிச்சுக்கிட்டா என்ன செய்ய?

வார லீவு நாளில், கையில் சுருட்டிய பாயோடு அறை நடுவில் நின்று வெயிலுகந்தம்மாள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். இருப்பது ஒரே அறை, நாலு சுவர். அவளுக்கு வேண்டியது ஒரு சுவர். அதுவும் கால்மணி நேரத்துக்கு.

கோவில்பட்டி பஜாரில் ஜவுளிக்கடை, சேலைப் பிரிவு. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நிற்க வேண்டும். நின்று நின்று முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்துச் சுருண்டுவிட்டன. "புண்ணாயிட்டா அப்புறம் நிக்கிற வேலையை மறந்திர வேண்டியதுதான்" என்று டாக்டர் சொன்னார். யோகா சொல்லித்தரும் ப்ரியதர்ஷினியிடம் அனுப்பியதும் அவர்தான்.

"குத்தவச்சு, சம்மணம் போட்டு, மண்டி போட்டு எதையும் ரொம்ப நேரம் செய்யாதீங்கக்கா. நின்னு செய்யுததும் வேண்டாம். மல்லாக்கப் படுத்து, காலைச் சுவர்ல தூக்கி வைங்க. பாதத்தை மெதுவா ஆட்டுங்க. மூச்சை அடக்கக் கூடாது. காலு மரத்துச்சுன்னா இறக்கிருங்க. அவ்வளவுதான்."

அந்தப் பிள்ளை லேசாகச் சொல்லிவிட்டது. அதற்கு இன்னும் மாமியார் வாய்க்கவில்லை.

கிழக்குச் சுவரில் காலை வைத்ததும் கட்டிலிலிருந்து மாமியார் ஆவுடைத்தாயின் குரல் வந்தது.

"ஏட்டி, மாரியாத்தா படத்துக்கு நேரயா காலை நீட்டுத?"

"கீழதான அத்தை வச்சிருக்கேன்."

"அவ கீழ பாக்க மாட்டாளோ?"

தெற்குச் சுவருக்குப் போனாள்.

"வடக்க தலை வச்சா படுக்க? எமனுக்கு ஆள் விட்டிருக்கியா?"

"கால்மணி நேரத்துல எமன் எங்கிட்டு அத்தை வாரான்?"

"அவன் என்ன பஸ்ஸுலயா வாரான், லேட்டாகுததுக்கு?"

மேற்குச் சுவரில் புருசன் சுடலைக்கண்ணுவின் படம், மாலையும் விளக்குமாக. அந்தப் பக்கம் போக மாமியார் தடுக்க வேண்டியிருக்கவில்லை. அவளே விலகிக்கொண்டாள்.

மிஞ்சியது வடக்கே வாசற்கதவு. அதைச் சாத்தி, அதன்மேல் காலைத் தூக்கி வைத்தாள். ஆவுடைத்தாய் திசைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். காலில் கட்டியிருந்த கல்லை யாரோ அவிழ்த்து எடுப்பதுபோல இருந்தது. வாரமெல்லாம் நின்ற உடம்பு, கண்ணை மூடியதும் தூங்கிப்போனது.

கடம்பூர் போளி கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ராதாமணி கதவைத் தள்ளினாள். கால்கள் இரண்டும் துவண்டு ஒருபக்கமாகச் சரிந்தன. இடுக்கில் தலையை நுழைத்தவள் கண்டது, தெற்கே தலை, மூடிய கண், எரியும் விளக்கு. பிணத்தைத் தெற்கே தலைவைத்துத்தான் கிடத்துவார்கள் என்பது அப்போதுதான் ஆவுடைத்தாய்க்கும் உறைத்தது.

"என் சேக்காளி போயிட்டாளே" என்று ராதாமணி தெருவுக்கே கேட்க ஒப்பாரி எடுத்தாள், போளிப் பொட்டலத்தை மட்டும் நசுங்காமல் பிடித்தபடி.

தெரு கூடிவிட்டது. செத்தவள் மிரண்டுபோய் எழுந்து உட்கார்ந்தாள்.

"சங்கு ஊதுதவருக்குப் போன் போட்டுட்டேனே, இப்ப அவர்ட்ட என்ன சொல்ல?" என்று எதிர்வீட்டு சங்கிலிப்பாண்டி வருத்தப்பட்டார்.

சிரித்தார்கள். வெயிலுகந்தம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சேலை முழங்கால்வரை ஏறிக் கிடந்தது. இத்தனை வருசம் பொத்திப் பொத்தி வைத்த காலைத் தெருவே குனிந்து பார்த்தது. "எம்மா, காலா இது" என்றாள் யாரோ ஒருத்தி. வெயிலுகந்தம்மாள் சேலையை இழுத்து மூடினாள். இனி மூடி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது.

எல்லோரும் போனபிறகு ஆவுடைத்தாய் கதவைச் சாத்தச் சொன்னாள். பிறகு மேற்குச் சுவரைக் கையால் காட்டினாள்.

"அந்தப் படத்தைக் கழத்திப் பெட்டியில போட்டுட்டு, அங்கன படு."

"அவிய படத்தையா?"

"அவன் படத்தைத்தான். காலு வலிக்குன்னு நீ அழும்போதெல்லாம், 'சும்மா நின்னுட்டு வாரதுக்கு என்னட்டி நோவு'ன்னு திரும்பிப் படுத்துக்கிடுவான். நான் முழிச்சுத்தான் கிடந்தேன். நானும் அவனை ஒரு வார்த்தை கேக்கல. கழத்து."

வெயிலுகந்தம்மாள் பாயை மேற்கே விரித்தாள். இடுப்பைச் சுவரோடு ஒட்டிப் படுத்து, படத்துக்கு நேரே கால்கள் இரண்டையும் தூக்கி வைத்தாள். சேலை சரிந்தது. இந்தத் தடவை இழுத்துவிடவில்லை.

"கழத்தச் சொன்னேம்லா?"

"இருக்கட்டும் அத்தை" என்றாள் மெதுவாக. "அவிய பாக்கட்டும்."