சோதனைக்கு ஒரு வயிறு

"இனி இந்த வயிற்றுக்கு நான் அடிமையில்லை" என்று அழகையா கணக்கப்பிள்ளை சபதம் செய்த இடம் கோயில் சந்நிதி அல்ல. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. உள்ளே போய் வெகு நேரமாயிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடித்து ஓய்ந்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக்களத்தில் வந்து நின்றாயிற்று. அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய மனிதர் மட்டும் சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"என்னங்க, உசுரோட இருக்கீங்களா?" என்று வெளியிலிருந்து கேட்டாள் மனைவி பரிமளம்.

"இருக்கேன், இருக்கேன்."

"துரை குதிரை பாலத்துக்கிட்ட வந்திருச்சு."

"நான் என்ன பண்ணட்டும்? வந்தாத்தானே!"

"கீரை தின்னுங்கன்னா, நான் என்ன ஆடான்னு கேக்குறீங்க. குரக்கன் களி கிண்டினா மூஞ்சியத் திருப்புறீங்க. வெறும் வெள்ளைச் சோறும் கருவாடுமா உள்ள தள்ளினா, அது எந்த வழியா வெளிய வரும்?"

"வயித்துக்காரனுக்குத் தெரியாத வழி உனக்குத் தெரியுமாக்கும்!"

அன்றைக்கும் அவர் போய்ச் சேர்ந்தபோது துரை முன்னாலேயே நின்றிருந்தார். பிரம்பால் பூட்ஸைத் தட்டிக்கொண்டே, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கணக்கப்பிள்ளை, இன்னொரு நாள் பிந்தினா, பேர் கூப்பிடறது மாடசாமி."

மாடசாமி, சின்னக் கணக்கப்பிள்ளை. இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவன்போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

அழகையாவுக்குப் பேர் கூப்பிடுவது வேலையல்ல, ராஜ்யபாரம். அவர் வாயிலிருந்து பேர் வந்தால்தான் நமுனுகுல மலையின் அந்தச் சரிவில் ஒருவனுக்கு அன்றைய பொழுது விடிந்ததாக அர்த்தம். அதை மாடசாமியிடம் கொடுப்பதா? அதற்கு விளக்கெண்ணெயே குடிக்கலாம். ஆனால் குடித்துப் பார்த்தாயிற்று. விளக்கெண்ணெய் கதவைத் தட்டுகிற ஆளில்லை, கதவைப் பெயர்த்துக்கொண்டு வருகிற ஆள். துரைக்குக் கொழுந்து விஷயமாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்து மறைந்ததைத் தோட்டம் இன்னும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பதுளைக்குப் போனார். கடைத்தெருவில் பாறூக் நானாவின் மருந்துச் சரக்குக் கடையில், மற்றவர்கள் எல்லாம் போகும்வரை மிளகை முகர்ந்து பார்ப்பதுபோல நின்றார்.

"நானா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு..."

"எத்தன நாளாப் போகல்ல உங்களுக்கு?" என்றார் பாறூக்.

பிறகு ஒரு டப்பாவிலிருந்து பொடிப்பொடியாக, படகு மாதிரி வளைந்த விதைகளை எடுத்துக் காட்டினார்.

"இசப்புக்கோல் விதை. பம்பாய்ப் பக்கமிருந்து கப்பல்ல வருது. விளக்கெண்ணெய் மாதிரி விரட்டாது. கூட்டாளி மாதிரி தோள்ல கை போட்டு மெல்லக் கூட்டிக்கிட்டுப் போகும். ஆனா ஊற வைக்காம விழுங்கிராதீங்க. தண்ணி நல்லாக் குடிக்கணும்."

"ஊற வச்சா என்ன ஆகும்?"

"பாருங்க" என்று ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டார்.

அழகையாவுக்கு இது போதாதா? புதுசாக எதைக் கண்டாலும் அதன் குடலை உருவிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சுவர்க் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் பிரித்தவர் அவர். அன்றோடு அது ஓடவில்லை. வெறும் பெட்டி மட்டும் இன்னும் சுவரில் தொங்குகிறது. இப்போது கிளாஸுக்குள் கண்ணை நட்டுக்கொண்டு நின்றார். விதைகள் கொஞ்சம் கொஞ்சமாக உப்பின. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி வழவழவென்று ஒரு சட்டை போட்டுக்கொண்டது. கடைசியில் கிளாஸ் முழுக்கத் தவளை முட்டை மாதிரி கொழகொழவென்று நிறைந்து, சாய்த்தாலும் வழியவில்லை.

ஆச்சரியம் பாதி, கிலி பாதி. ஒரு சிட்டிகை ஒரு கிளாஸை நிறைக்கிறது என்றால், ஒரு கரண்டி வயிற்றை என்ன செய்யும்? வழியெல்லாம் இதே யோசனை. வீட்டு வாசலில் கால் வைக்கும்போது வழி புலப்பட்டுவிட்டது. ராஜாக்கள் எதையும் தாங்களே முதலில் சாப்பிடுவதில்லை. அதற்கென்று ஆள் இருக்கும்.

பரிமளத்தின் வயிறு கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு. பொட்டலத்தைக் கடிகாரப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். அந்தப் பெட்டியைத் தினமும் துடைக்கிறவள் யார் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

அன்று ராத்திரி அடுப்படிக்குள் நுழைந்தார்.

"பரிமளம், நீ உக்காரு. உனக்குக் கஞ்சி நான் ஊத்தித் தாறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அகப்பையில் எது கைப்பிடி, எது கிண்ணம் என்று தெரியாத மனுஷன். பரிமளம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"காய்ச்சல் அடிக்குதா உங்களுக்கு?"

"பொண்டாட்டிக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தினா காய்ச்சலா? குடி, குடி. நல்லாக் கலக்கிக் குடி."

அவள் கிண்ணத்தை வாங்கி, ஒரு தரம் ஆட்டிப் பார்த்து, "உப்புப் பத்தல" என்று கொல்லைப் பக்கம் போனாள். காலிக் கிண்ணத்தோடு திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"புருசன் கையால ஊத்தினதில்ல? தொண்டையில வழுக்கிக்கிட்டுப் போச்சு."

மறுநாளிலிருந்து கணக்கப்பிள்ளைக்கு வேறு வேலை ஓடவில்லை. கருக்கலில் சொம்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவார். பரிமளம் எழுந்திருக்கும்போது எதிரில் இருக்க வேண்டுமே என்று அரக்கப் பரக்கத் திரும்பி ஓடி வருவார். அவள் நடையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், ஏப்பம் விட்டால் காதைத் தீட்டிக்கொள்வார்.

பரிமளத்துக்கோ புருஷன் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜவ்வரிசிப் பாயசம்!

"என்ன பரிமளம், ஒரே வழவழன்னு இருக்கு?"

"புது ஜவ்வரிசி. சக்கரை காணுமா, இன்னும் போடணுமா?"

"காணும், காணும். அமிர்தம்!"

"இனிப்புத் தின்னா தண்ணி குடிக்கணும். இந்தாங்க" என்று ஒரு செம்பு வெந்நீரையும் நீட்டுவாள். பாவம், இவளையா சோதிக்கிறோம் என்று அழகையாவின் மனசு அடித்துக்கொள்ளும். ஆனாலும் அவள் கஞ்சியில் ஒரு கரண்டி கலக்கத் தவறமாட்டார். மனசாட்சி வேறு, ஆராய்ச்சி வேறு.

வாரக் கடைசியில் பரிமளம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது."

கணக்கப்பிள்ளை ஒரே தாவில் பக்கத்தில் வந்தார். "என்ன பண்ணுது? எப்படிப் பண்ணுது? மேலயா, கீழயா?"

"உப்புற மாதிரி இருக்கு."

"உப்... உப்புதா?"

"ஊற வச்ச மாதிரி!"

அவருக்குப் பாறூக்கின் கிளாஸ் கண் முன்னால் வந்து நின்றது. மறுநாள் பார்த்தால் பரிமளத்தின் வயிறு நிஜமாகவே சற்று முன்னால் தள்ளியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். குனிய முடியவில்லை என்றாள். குடம் தூக்க முடியவில்லை என்றாள். கணக்கப்பிள்ளை யார் கண்ணிலும் படாமல் இருட்டோடு எழுந்து, சொம்பு வேலையைச் சட்டென்று முடித்து, பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, விறகு பிளந்து, வாசல் பெருக்கி, அப்புறமும் பெரட்டுக்களத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றார். மாடசாமிக்குக் கனைத்த தொண்டை கனைத்தபடியே நின்றுபோயிற்று. துரைகூடச் சொன்னார்: "கணக்கப்பிள்ளை, இப்ப ரொம்ப நல்லா வாரது!"

அதில் சந்தோஷப்பட அவருக்கு நேரமில்லை. பெண்டாட்டி வெடித்துவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊரைப் பார்ப்பார்? அதைவிட, அவள் இல்லாத வீட்டை நினைக்கவே அவரால் முடியவில்லை. அந்த முசுட்டு மனுஷருக்கு அவள்மேல் உயிர்.

"பரிமளம், உனக்கு ஏதாச்சும் ஆசை இருந்தாச் சொல்லு" என்றார் கண்ணீரோடு.

"எனக்கு என்னங்க ஆசை? அப்புத்தளையில இருக்க நம்ம லீலாவ ஒரு தடவ பாத்துட்டு வந்தா..."

மகளைப் பார்க்கப் போகிறேன் என்று அவள் இரண்டு வருஷமாகக் கேட்கிறாள். சோறாக்க ஆளில்லை என்று அவர் இரண்டு வருஷமாகத் தட்டிக் கழிக்கிறார்.

"போயிட்டு வா! மாசக் கணக்கா இரு! பண்டாரவளை வரைக்கும் மாட்டு வண்டி, அங்கேருந்து ரயிலு. நான் ஏற்பாடு பண்றேன். நல்லா இருந்தாப் போதும்."

வண்டி பேசப் பதுளைக்குப் போனவர், முதலில் பாறூக் கடைக்குத்தான் ஓடினார்.

"நானா! அந்த விதையத் தின்னு வயிறு உப்பினா மாத்து மருந்து என்ன?"

"யாருக்கு உப்பிச்சு? உங்களுக்கா?"

பெண்டாட்டிக்குக் கலந்து கொடுத்தேன் என்று சொல்லவா முடியும்? "இல்ல. வந்து... மாட்டுக்கு."

"மாட்டுக்கா!" பாறூக் தராசைக் கீழே வைத்தார். "தண்ணி குடிக்குதா?"

"குடிக்குது."

"ஒழுங்காச் சாணி போடுதா?"

"அத நான் எப்படிக் கேப்பேன்?"

"மாட்டுக்கிட்ட ஏன் கேக்கிறீங்க? தொழுவத்தப் பார்த்தாத் தெரியாதா?" பாறூக் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒண்ணும் ஆகாது, போங்க. இந்தாங்க, இன்னொரு பொட்டலம். மாட்டுக்கு என் கணக்குல."

மறுநாள் வண்டியோடு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பரிமளம் பட்டுச் சேலை கட்டி, மூட்டை முடிச்சோடு வாசலில் நின்றாள். வயிறு தட்டையாக இருந்தது. இடுப்பிலிருந்து அவிழ்த்த கம்பளியைப் பக்கத்து லயத்து அங்கம்மா மடித்துக்கொண்டிருந்தாள்.

"பரிமளம்! வயிறு?"

"குளிருச்சு, கம்பளியச் சுத்தியிருந்தேன். தப்பா?"

கணக்கப்பிள்ளைக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. "அப்ப அந்த விதை உன்னை ஒண்ணும் பண்ணலையா?"

"எந்த விதை? கஞ்சியில போட்டீங்களே, அதுவா? அத வாழை மரத்துல ஊத்தினேன். கடிகாரப் பெட்டிக்குள்ள மிச்சம் இருந்துச்சே, இசப்புக்கோல எனக்குத் தெரியாதா? அத ஊற வச்சுத்தான் உங்களுக்குத் தினமும் பாயசத்துல போட்டேன்."

"அடிப்பாவி! எனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"அதான் ஆயிருச்சே."

"என்ன ஆச்சு?" அவர் பதறி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்டகைக்குள்ள போனா, துரை வந்து தேடுற வரைக்கும் வெளிய வராத மனுசன், இப்ப போன காலோட வாறீங்க. பெரட்டுக்கு மொத ஆளா நிக்கிறீங்க. என் வயித்தையே பாத்துக்கிட்டு இருந்ததுல உங்க வயிறு சரியானத நீங்க கவனிக்கலையா?"

அழகையா யோசித்தார். நாட்களை விரல் விட்டு எண்ணியும் பார்த்தார்.

"பாறூக் நானாகிட்ட உனக்காகப் பதறிப் போய் நின்னேனே!" என்றார் அழாத குறையாக. "பேர் கெட்டுறக் கூடாதுன்னு மாட்டுக்குன்னு சொல்லி, சிரிப்பாச் சிரிக்க நின்னேனே!"

"யாரு மாடு? அப்ப நான் மாடா?"

"பேச்சுக்குச் சொன்னது பரிமளம்."

அவள் அவர் கையிலிருந்த புதுப் பொட்டலத்தைப் பார்த்தாள். வாங்கினாள். முகத்தில் கோபமே இல்லை. அங்கம்மா கையில் அதைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறி, சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"அங்கம்மா, நான் வர்ற வரைக்கும் தினமும் ராத்திரி இதுல ஒரு கரண்டி ஊற வச்சு, மாட்டுக்குக் குடு. மறக்காமத் தண்ணி காட்டு."

அங்கம்மா விழித்தாள். "உங்க வீட்ல மாடு ஏதுங்கம்மா?"

பரிமளம் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். வண்டி நகர்ந்தது. வாசலில் நின்ற கணக்கப்பிள்ளைதான் மெல்லத் தலையை ஆட்டினார்.