பிந்துசாரன் கேட்ட மூன்றாவது சாமான்

மில்லிக்கன்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள இக்னேசியஸ் அண்ணைக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம் என்று தொடங்கினால்தான் நீங்கள் மேற்கொண்டு வாசிப்பீர்கள் என்பதால் அப்படியே தொடங்குகிறேன். உங்கள் பிரஷரும் அண்ணியின் முழங்காலும் அடங்கியிருக்கட்டும்.

உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பிறகு இரண்டு மாதமாக நீங்கள் எனக்குப் போன் எடுக்கவில்லை. அன்று இருநூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "கிரேக்க ராசா எங்கட ராசாவிட்ட ஒரு தத்துவஞானியை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினவன்" என்றீர்கள். நான் கேக்கை வைத்துவிட்டு எழும்பி, "மாறிச் சொல்லுறியள் அண்ணை. கேட்டது பிந்துசாரன். தரமாட்டன் எண்டது கிரேக்க ராசா அந்தியோக்கஸ். பிந்துசாரன் எங்கட ராசாவும் இல்லை, பாடலிபுத்திரத்து ராசா" என்றேன். திருத்தியது சரி. மைக் இல்லாமலே கடைசி மேசைக்கும் கேட்கத் திருத்தியதுதான் பிழை.

நேற்று உங்கள் மகள் ஸ்டெபனி ஒரு கடதாசித் துண்டை நீட்டினாள். உங்கள் கையெழுத்து: "காய்ந்த அத்திப்பழம், இனிப்பு வைன், வாதாடத் தெரிந்த ஆள் ஒன்று. விட்பியில் என் வீட்டுக்கு அனுப்பவும்." பிந்துசாரன் கேட்ட அதே மூன்றும். பிறந்தநாளுக்கு நான் தந்த வரலாற்றுப் புத்தகத்தை ஒருவழியாகத் திறந்திருக்கிறீர்கள்.

"அப்பா மூண்டு நாளா எழுதி எழுதிக் கிழிச்சவர், மாமி. சரியான பிடிவாதம், சோ ஸ்டபர்ன்!" என்றாள்.

உடனே டான்போர்த் வீதியில் ஒரு கிரேக்கர் கடைக்குப் போனேன், அத்திப்பழம் யாருக்கு என்று அவர் கேட்க நான் வாய் சும்மா இராமல் முழுக் கதையையும் சொல்ல, அவருக்குக் கோபம் வந்து, "எங்கள் ராசா மறுத்தானா? என்னைக் கேட்டிருந்தால் என் மச்சானைச் சும்மாவே அனுப்பியிருப்பேன், காலையிலிருந்து அந்தக் கதிரையில் தத்துவம்தான்!" என்றார், மச்சான் எழும்பி வந்து தன்னை அனுப்புவது முறையா என்று என்னிடமே வாதாடினார், முக்கால் மணித்தியாலம். நான் வென்றேன் என்றுதான் நினைக்கிறேன். வெளியே காரில் பார்க்கிங் டிக்கெட்.

ஆகவே அந்தியோக்கஸின் பதிலே என் பதிலும். அத்திப்பழமும் வைனும் இந்தக் கடிதத்தோடு ஸ்டெபனியின் கையில் வருகின்றன. மூன்றாவதை அனுப்புவது எங்கள் வழக்கமல்ல. "நான் மாறித்தான் சொன்னனான்" என்று முதலில் போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கோ, பிறகு பாப்பம்.

மாதா உங்களைக் காப்பாராக. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு; உங்களுக்காகக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் தங்கை,
அன்ரனெற்

பி.கு.: இதை எழுதி முடிப்பதற்குள் அத்திப்பழப் பெட்டியை நானே காலியாக்கிவிட்டேன். அதனால் கிரேக்கன் மறுத்த சாமான்தான் வருகிறது. ஞாயிறு பூசை முடிந்து நீங்கள் வரும்போது, வைன் போத்தலோடு உங்கள் வாசலில் நிற்பன். திருப்பி எடுக்கப்படமாட்டாது. போன் எடுக்கத் தேவையில்லை.